வெள்ளை பூசிய மாதுளை

மணிமுத்தாற்றுக்கு அக்கரையில், விருத்தாசலத்துப் பீங்கான் பேக்டரியின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில், அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு மாதுளைத் தோட்டம் இருந்தது. அப்பா கண்ணை மூடிய பிறகு, அறுபத்தெட்டாம் வருஷம் அதைப் பிரித்துக்கொண்டார்கள். பிரிப்பது மூத்தவன், முதலில் எடுப்பது இளையவன் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மூத்தவன் பக்கிரி கயிறு பிடித்துத் தெற்கு வடக்காகக் கோடு போட்டான். நடுவில் நின்ற புளியமரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு கோடு போயிற்று. இளையவன் மாணிக்கவேல் இரண்டு பக்கத்தையும் பார்த்தான். பிறகு பெண்டாட்டி விருத்தாம்பாளின் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"கிழக்கால பக்கம் எனக்கு இருக்கட்டும்ணே."

பக்கிரியின் மனைவி பெரியநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிணறு இருந்தது மேற்குப் பக்கத்தில். தண்ணீர் தூக்கிப் பழக்கப்பட்ட எவளும் மேற்குப் பக்கத்தைத்தான் கேட்பாள். "மேற்கால மங்களூர்லேருந்து வந்த பொண்ணு, வெவரம் பத்தல" என்று நல்லூரிலிருந்து வந்திருந்த தன் அக்காளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு சித்திரை வரைக்கும்தான் இருந்தது.

காலையில் புளியமரத்து நிழல் பெரியநாயகி பக்கம் விழுந்தது. காலை வெயில் யாரை என்ன செய்துவிடும்? உச்சி சாய்ந்ததும் நிழல் சத்தமில்லாமல் கோட்டைத் தாண்டி, கிழக்குப் பக்கம் போய்ப் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. கொளுத்துகிற நேரமெல்லாம் அங்கேயே கிடந்தது. மாதுளங்காய் சின்னதாக இருக்கிற வரை இலைக்குள் மறைந்திருக்கும். பெருத்துக் கனம் கூடினால் கொப்பு வளைந்து காய் வெளியே வந்து தொங்கும். அப்போது மேற்கு வெயில் எந்தக் கன்னத்தில் படுகிறதோ, அந்தக் கன்னம் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் பழைய செருப்புத் தோல் மாதிரி கறுத்து இறுகிப்போகும். இறுகின பக்கம் வளராது, மற்ற பக்கம் வளரும், காய் வெடிக்கும். உள்ளே முத்துகள் வெந்து வெளுத்துக் கிடக்கும். அந்த ஊரில் அதைச் சூடு விழுந்த காய் என்பார்கள். மாட்டுக்குத்தான் ஆகும்.

மேற்குப் பக்கத்தில் பாதிக் காய் சூடு விழுந்தது. கிழக்குப் பக்கத்தில் புளியமரத்தை ஒட்டிய வரிசைகள் வழவழவென்று, இப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி தொங்கின.

அப்போதுதான் பெரியநாயகிக்கு விளங்கியது. விருத்தாம்பாள் அன்று தோட்டத்தைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த நிழலைப் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு பெரியநாயகியால் அந்த நிழலை மறக்க முடியவில்லை. பொதுவான மரம், பொதுவான அடி, பொதுவான புளி. நிழல் மட்டும் அவளுக்கு. இத்தனைக்கும் தோட்டத்தில் இருந்த ஒவ்வொரு மாதுளையும் பெரியநாயகி கொண்டுவந்தது. கல்யாணமான வருஷம், நல்லூரில் அப்பா வீட்டு மரத்திலிருந்து குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர்கூட "புள்ளையாம்மா, டிக்கட்டு வேணுமா?" என்று கேட்டான். நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வேர் பிடிக்க வைத்தவள் அவள். அப்படியிருக்க, கிழக்குப் பக்கத்து மரங்கள் இப்போது விருத்தாம்பாளைப் பார்த்துத் தலையாட்டுகின்றன என்று அவளுக்குத் தோன்றியது.

விருத்தாம்பாளிடம் குறை கண்டுபிடிக்க அவள் மெனக்கெட்டாள். அவளுடைய அடுப்பங்கரை, பின்னல், மாடு கட்டுகிற விதம் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் துவைத்துக் காயப்போட்ட புடவையின் கரையைக்கூடப் பார்த்தாள். குறை அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மாணிக்கவேலுக்குப் பீங்கான் பேக்டரியில் வேலை கிடைத்தபோது அந்த எரிச்சல் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. மாதம் பிறந்தால் கையில் சம்பளம், காலில் பாட்டா செருப்பு, ஏறிப் போக சைக்கிள். பக்கிரிக்கு அதே வேட்டி, அதே மண்வெட்டி.

எழுபதாம் வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "புளிய மரத்து நெழலு ஆவாதுன்னு சொல்றாங்க. வேரு வேற கெணத்துக்குள்ள எறங்கியிருக்குது. தண்ணியெல்லாம் அதுதான் குடிக்குது."

"எங்கப்பன் காலத்து மரம்டி."

"உங்கப்பன் காலத்துல தோட்டம் ஒன்னா இருந்துச்சு."

பக்கிரி சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. புரிந்தாலும் பேசாத ஆள். பேசினால் பெண்டாட்டி அதற்கு மேல் பேசுவாள் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தான். தம்பியிடம் போய்க் கேட்டான். தம்பி, அண்ணன் சொன்னால் சரி என்றான். செங்கல் சூளைக்காரர்கள் வந்து மரத்தை வெட்டிக்கொண்டு போனார்கள்.

மரம் சாய்ந்த அன்று பெரியநாயகி வேலியோரம் நின்று விருத்தாம்பாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். என்ன பதில் சொல்லுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். விருத்தாம்பாள் கீழே விழுந்த கொப்புகளில் புளியங்கொழுந்து பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் கிழக்கு வீட்டிலிருந்து புளியங்கொழுந்துக் குழம்பு வாசனை வந்தது.

அந்தக் கோடையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கருகின. இருந்த காலை நிழலும் இல்லாமல் போனதால் பெரியநாயகி பக்கம் முன்னைவிட அதிகமாகவே கருகியது. ஆனாலும் அவள் அந்த வருஷம்தான் நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். கறுத்த காய்கள் கண்ணில் படும். மனசு லேசாகிவிடும்.

பக்கிரிக்கு மனசு லேசாகவில்லை. வெடித்த காய்களைக் கூடையில் வாரி மாட்டுக்கு முன்னால் கொட்டிவிட்டு வந்து சொன்னான். "வர வருசமும் இப்படின்னா அத்தினி மரத்தையும் வெட்டிட்டு மல்லாட்ட போட்டுடறேன். மல்லாட்டைக்கு மண்ணுக்குள்ள இருக்குது காயி. வெயிலு ஒன்னும் புடுங்க முடியாது."

நிலக்கடலை போடுவேன் என்று அவன் வெறும் பேச்சுக்குச் சொல்லுகிறவன் இல்லை. பெரியநாயகி தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் வைத்துக் கொண்டுவந்த மரங்கள். அவை போய்விட்டால் இந்த ஊரில் தன்னுடையது என்று காட்ட அவளுக்கு என்ன இருக்கிறது? கிழக்குப் பக்கத்தில் மட்டும் மாதுளை நிற்கும். போகிறவன் வருகிறவனெல்லாம் அதை "விருத்தாம்பா தோட்டம்" என்பான்.

அடுத்த வருஷம் மாசியில் பூ வைத்ததிலிருந்தே அவள் முனைந்துவிட்டாள். பனையோலையைக் கிழித்துத் தொப்பி மாதிரி மடித்து ஒவ்வொரு காய்க்கும் கட்டினாள். காற்றில் ஓலை ஆடி ஆடி, தோலை அராவி வடு வைத்தது. ஓலையை அவிழ்த்துவிட்டுப் பழைய புடவையைக் கிழித்துக் காய்களுக்கு முட்டாக்குப் போட்டாள். தோட்டம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கந்தல் தொங்கியது. மறைப்புக்குள் எறும்பு கூடு வைத்தது. தெருவோடு போன பூவாயி நின்று பார்த்து, "என்னாடி நாயகி, மரமெல்லாம் தெரண்டுடுச்சா? சடங்கு எப்போ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கே எல்லாத் துணியையும் அவிழ்த்துப் போட்டாள்.

கத்திரி வெயில் தொடங்கின வாரம், ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிழக்குப் பக்கத்தில் ஒவ்வொரு காயும் வெள்ளையாக இருந்தது. சாம்பல் வெள்ளை இல்லை, பால் வெள்ளை. இலைக்கு நடுவே கோழி முட்டை காய்த்துத் தொங்குகிற மாதிரி இருந்தது.

கிணற்றடிக்கு வந்த ராஜம்மாள்தான் சேதி சொன்னாள். ராஜம்மாள் பக்கத்துத் தெருக்காரி. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்தவள்.

"நீ கேக்கலியா நாயகி? கண்ணு படாம இருக்கத்தான் பூசியிருக்காளாம். அவ வாயாலயே சொன்னா."

"யாரு கண்ணு?"

"அத நான் எப்படிச் சொல்லுவேன்?" ராஜம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டே சிரித்தாள். "கொல்லையில பானையில புள்ளி வெச்சுக் கட்டுவாங்க, பாத்திருக்கேன். காய்க்குக் காய் பூசினா, அது ஊரு கண்ணு இல்ல. கிட்ட இருக்கற கண்ணு."

பெரியநாயகி தண்ணீர்க் குடத்தைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். 'என் கண்ணாம். என் கண்ணு பட்டா காய் கருகுமாம். நான் வெச்ச மரத்துல காய்ச்ச காயி!' என்று அடுப்பைப் பார்த்து, பாத்திரத்தைப் பார்த்து, பூனையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாள் போகப் போக வேறு ஒரு பயம் வந்தது. கிழக்குப் பக்கத்தில் வெள்ளை பூசின காய் ஒன்றுகூடக் கருகவில்லை. அதே வெயில்தான், மரமும் இல்லை, நிழலும் இல்லை. அப்படியானால் வெயில் இல்லையோ? நிஜமாகவே தன் கண்தானோ? அவள் தினமும் விடிந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் காய்களைத்தான். அடுத்தபடியாகப் பார்ப்பது தன் காய்களை. அதுவும் எப்படி? எது கருகியிருக்கிறது, எது கருகப் போகிறது என்று பயந்து பயந்து பார்ப்பாள். அதிகம் பார்த்ததெல்லாம் அதிகம் கருகியிருந்தது.

அன்றிலிருந்து குனிந்த தலையோடு தண்ணீர் ஊற்றினாள். மரத்தடியை மட்டும் பார்த்தாள். காய் தலையில் இடித்தால்கூட நிமிரவில்லை. பக்கிரி வரப்பில் நின்று, "கழுத்துல சுளுக்கா?" என்று கேட்டான். அவள் குடத்தை அடுத்த மரத்துக்கு நகர்த்தினாள். இப்படிச் சில நாள் போன பிறகு ஒரு மத்தியானம் அடக்க முடியாமல் நிமிர்ந்து பார்த்தாள். பார்க்காமலே விட்ட காய்களும் மேற்குக் கன்னத்தில் மஞ்சள் தட்டியிருந்தன.

அவளுக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் நிம்மதியும் வந்தது. கண் இல்லை, வெயில்தான். ஆனால் அந்த வெள்ளைக்குள் ஏதோ இருக்கிறது. கண்ணுக்கோ வெயிலுக்கோ, எதற்கோ அது கேட்கிறது. விருத்தாம்பாளிடம் போய், "என்னாடி பூசின?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அதற்கு அவள் நாக்கு ஒத்துக்கொள்ளாது. வெள்ளை என்றால் சுண்ணாம்பு. வேறென்ன இருக்க முடியும்?

பொங்கலுக்கு வீடு அடிக்க வாங்கியதில் மிச்சம் சுண்ணாம்புக் கல் சாக்கில் இருந்தது. மண்தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கல் புகைந்து கொதித்து அடங்கியது. ஆறவிடப் பொறுமையில்லை; பக்கிரி சந்தைக்குப் போயிருந்தான், வருவதற்குள் முடித்துவிட வேண்டும். சுவருக்கு அடிக்கிற பனமட்டையையே எடுத்துக்கொண்டு வேலியை ஒட்டிக் கிழக்கோரம் நின்ற கீழ்வரிசை மரங்களுக்கு, காய், இலை என்று பார்க்காமல் அடித்துத் தள்ளினாள். கையெல்லாம் எரிந்தது. அடித்து முடித்து எட்டி நின்று பார்த்தபோது, தன் பக்கம் அவள் பக்கத்தைவிட வெள்ளையாக இருந்தது அவளுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் இலைகள் சுருண்டுகொண்டன. அதற்கு மறுநாள் விளிம்பெல்லாம் தீயில் காட்டின மாதிரி ஆயிற்று. சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் காய்த்தோல் சொரசொரவென்று பொரிந்திருந்தது. வெயில் ஒரு கன்னத்தைத்தான் சுட்டது. இவள் எல்லாப் பக்கமும் சுட்டிருந்தாள்.

பக்கிரி வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தான். ஒரு காயைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தான்.

"செவுத்துக்கு அடிக்கறத மரத்துக்கு அடிச்சியா?"

"அவ மட்டும் பூசல?"

"அவ பூசினது சுண்ணாம்புன்னு உனக்கு யாரு சொன்னாங்க?"

பெரியநாயகி எரிந்துபோன கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஆடியில கோடாலி எடுத்தாரேன்" என்றான் பக்கிரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று படுத்தவள் விடிகிறவரை ஒரே ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். விருத்தாம்பாள் வேண்டுமென்றே செய்திருக்கிறாள். நான் பார்த்துச் செய்வேன், செய்து கெடுவேன் என்று தெரிந்துதான் வேலியோரமாகப் பூசிக் காட்டியிருக்கிறாள். இதற்கு நியாயம் கேட்க ஊரில் ஆள் கிடையாது. கொளஞ்சியப்பரிடம் போக வேண்டியதுதான்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி. கோர்ட்டில் எழுதிக் கொடுக்கிற மாதிரி, இன்னார் எனக்கு இன்ன தீங்கு செய்தார் என்று காகிதத்தில் எழுதி, சாமி முன் வைத்து, கட்டிவிட்டு வருவார்கள். மற்றதைச் சாமி பார்த்துக்கொள்வார். எழுதத் தெரியாதவர்களுக்காக, கோயிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் சுப்புராயன் என்று ஒருவர் மரப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரு, ஊரு சொல்லும்மா." சொன்னாள். "யாரு மேல பிராது?"

"எங்க ஓரகத்தி மேல."

"என்னா பண்ணாங்க?"

"பழத்துக்கு வெள்ளை பூசியிருக்கா."

சுப்புராயன் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "உங்க பழத்துக்கு?"

"அவ பழத்துக்கு."

"அவங்க பழத்துக்கு அவங்க பூசினா உங்களுக்கு என்னாம்மா?"

"என் கண்ணு படக்கூடாதுன்னு பூசியிருக்கா."

"பட்டுச்சா?"

"படல. அதான் பூசிட்டாளே!"

பின்னால் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். சுப்புராயன் சிரிக்கவில்லை. பேனா மூடியால் காதைச் சொறிந்துகொண்டார். "இத பாருங்கம்மா, சாமி படிச்சா அவருக்கு வெளங்கணும். உங்களுக்கு என்னா நஷ்டம், அத யாரு பண்ணாங்க, அத மட்டும் சொல்லுங்க."

"எங்காயெல்லாம் வெந்துபோச்சு."

"எப்படி?"

"சுண்ணாம்பு பட்டு."

"சுண்ணாம்பு யாரு போட்டது?"

பெரியநாயகிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால் சரியாக வரும் என்று தோன்றியது. "மொதல்ல அங்க ஒரு புளியமரம் இருந்துச்சு. நெழலு பூரா அவ பக்கம். அத வெட்டினதுலேருந்துதான் எல்லாம்..."

"வெட்டினது அவங்களா?"

"நாங்க."

சுப்புராயன் பேனாவை மூடினார். "அப்படின்னா அவங்க வந்து உங்க மேல பிராது கட்டணும்னா, எழுதறதுக்கு நல்லா விஷயம் இருக்குதும்மா."

அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வந்தாளா? ஒல்லியா, செவப்பா, மூக்குல ஒத்தக்கல்லு? வந்து எழுதிட்டாளா?"

"தெனம் எத்தினியோ பேரு வராங்க. எனக்கு மூக்கெல்லாம் ஞாபகம் இருக்காது. அடுத்தவங்க வாங்க."

இதிலும் அவள் முந்திக்கொண்டிருப்பாள். வெயிலில் நடந்து வருகிற வழியெல்லாம் பெரியநாயகிக்கு அதே நினைப்பு. தனக்கு எழுத ஒன்றுமில்லை. அவளுக்குக் காகிதம் நிறைய இருக்கிறது. இந்நேரம் அது சாமி முன்னால் கட்டித் தொங்குகிறதோ என்னவோ. புளியமரம் சாய்ந்த அன்று அவள் ஒரு வார்த்தை பேசாமல் போனதற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது என்று நினைத்தாள்.

தோட்டத்துக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மேற்குப் பக்கத்துக் கீழ்வரிசையில் ஆள் அசைவது தெரிந்தது. வேலியோரம் பதுங்கிப் பார்த்தாள். விருத்தாம்பாள்தான். புடவையை இழுத்துச் சொருகியிருந்தாள். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். ஈரத்துணியால் ஒவ்வொரு காயாகத் துடைத்து, இலைகளில் தண்ணீரை வாரி விசிறிச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேர்வையில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

முதலில் காய் திருடுகிறாள் என்று நினைத்தாள். இல்லையென்று தெரிந்ததும் அதைவிட மோசமான ஒன்று நெஞ்சில் குத்தியது. நல்லவள் என்கிற பேரும் அவளுக்கா?

"யாரக் கேட்டு எம்பக்கம் வந்த?"

விருத்தாம்பாள் திரும்பினாள், பதறவில்லை. "சுண்ணாம்பு உள்ள எறங்குதுக்கா. கழுவலன்னா கொப்பும் போயிடும்."

"போனா எங்கொப்பு. என் கண்ணுக்குப் பயந்து பூசினவதான நீ?"

விருத்தாம்பாள் துணியைப் பிழிந்தாள். "அது பேக்டரி மண்ணுக்கா. பீங்கானுக்குக் கரைக்கற வெள்ளை மண்ணு. மிஷினு கழுவற தண்ணி வெளிய ஒரு குழியில வந்து தேங்குது, அடியில படியுது. யாரும் எடுக்கறதில்ல. ஒரு நாளு அவரு சைக்கிள் சீட்டுல தெறிச்சுக் காஞ்சு கெடந்துச்சு. வெயில்ல நின்ன சைக்கிளு, தொட்டா கையி பொத்துப்போவும். மண்ணு காஞ்ச எடம் மட்டும் சுடல. அப்பத்தான் தோணுச்சு. வடிகஞ்சி ஊத்திக் கரைச்சா ஒட்டிக்குது."

"அப்புறம் எதுக்கு ராஜம்மாகிட்ட கண்ணு மண்ணுன்னு சொன்ன?"

"பேக்டரி மண்ணுன்னா நாளைக்கே ஊரே கூடையத் தூக்கிகிட்டுப் போவும். மேல தெரிஞ்சா அவரு வேலைக்கு வெனை. வாயில வந்ததச் சொன்னேன்."

"வாயில எங்கண்ணுதான் வந்துச்சா?"

விருத்தாம்பாள் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததில்லை. "ஆமா. அதான் வந்துச்சு. மரத்த வெட்டினீங்களே, வயிறு எரிஞ்சுது. கொழுந்து பறிச்சேன், ஒரு வா எறங்கல. என்னிக்காவது ஒரு நாளு உங்களுக்குச் சுருக்குன்னு ஒன்னு சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேன்."

பெரியநாயகிக்கு அதைக் கேட்டபோது கோபம் வரவில்லை. ஏனோ மூச்சு சுலபமாக வந்தது. அத்தனை நாளாகத் தேடின குறை கடைசியில் அகப்பட்டுவிட்டது. அவளுக்கும் வயிறு எரிந்திருக்கிறது.

"மூத்தாரு சொன்னாரு, கோயிலுக்குப் போயிருக்கீங்கன்னு" என்றாள் விருத்தாம்பாள். "எம்மேலதானக்கா?"

"எழுதல."

"ஏன்?"

"எழுதறதுக்கு ஒன்னும் இல்லன்னுட்டான் அந்தாளு."

விருத்தாம்பாள் பக்கென்று சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியநாயகிக்கும் உதடு கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதிரில் சிரிக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

"ஒரு சட்டி மண்ணு இருக்குதுக்கா, தரட்டுமா?"

"கையில குடுக்காத. வேலியோரம் வெச்சிட்டுப் போ."

அன்று இருட்டுவதற்குள் மேற்கே சுண்ணாம்பு படாத மேல்வரிசைக் காய்களுக்கெல்லாம் மண் பூசினாள். மோர் பதத்துக்குக் கரைத்து, கஞ்சி விட்டு, துணியில் தொட்டு, மேற்குக் கன்னத்தை மட்டும் தடவினாள். மண் கைக்குக் குளுகுளுவென்று இருந்தது. பாதிக் கோடையில் ஒரு மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி வேலியோரம் சட்டி இருந்தது. கேட்காமலே வந்திருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டாள்.

ஆடியில் பக்கிரி சொன்னபடியே கோடாலி எடுத்துவந்தான். மேல்வரிசையில் ஒரு காயைப் பறித்து வேட்டி முனையில் துடைத்தான். வெள்ளை போய், உள்ளே சிவந்த தோல் ஒரு வடு இல்லாமல் மின்னியது. உடைத்து நாலு முத்து வாயில் போட்டு மென்றான். சுண்ணாம்பு பட்ட கீழ்வரிசையை மட்டும் வெட்டி, அந்த இடத்தில் மல்லாட்டை போட்டான். மற்ற மரங்கள் நின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம் விருத்தாம்பாளும் அன்றுதான் பறித்தாள். ஒரு காயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேற்குப் பக்கத்துக் காய் ஒன்றை வாங்கிப் போனாள். பெரியநாயகி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடையது ஒரு சுற்றுப் பெரிது. வெட்டிப் பார்த்தாள். தன்னுடையதுதான் சிவப்பு. மறுபடி ஒருதரம் பார்த்து, ஆமாம், தன்னுடையதுதான் சிவப்பு என்று உறுதி செய்துகொண்ட பிறகே சாப்பிட்டாள்.

அந்த ஐப்பசி மழையில் பெரியநாயகி ஒரு பூவரச மரத்தில் போத்து வெட்டிக் கொண்டுவந்து நட்டாள். பழைய புளியமரம் நின்ற இடத்தில் இல்லை; தன் பக்கத்துக்கும் மேற்கே, கடைசி வரப்பில். இந்த முறை அவள் நிழலைக் கணக்குப் பார்த்துத்தான் வைத்தாள். உச்சி சாய்ந்தால் நிழல் தன் மரங்கள் மேல்தான் விழ வேண்டும், வேறு எங்கும் போகக் கூடாது. நட்டுவிட்டு நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் விருத்தாம்பாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வளந்தா சாயங்காலம் நெழலு எங்க பக்கம் வரைக்கும் வரும்க்கா" என்றாள்.

பெரியநாயகி போத்தைப் பார்த்தாள். பிடுங்கி இன்னும் தள்ளி வைக்கலாமா என்று ஒரு கணம் குனிந்தாள். அதற்கு மேல் தள்ளினால் அடுத்தவன் நிலம். மண்ணை அணைத்து மிதித்துவிட்டு, தண்ணீர் ஊற்றினாள்.

பூவரசு சீக்கிரம் வளர்கிற மரம். எழுபதுகள் முடிவதற்குள் குடை மாதிரி விரிந்துவிட்டது. மேல்வரிசைக்கு இப்போது மண் பூசுகிற வேலை பாதிதான். சாயங்காலமானால் பெரியநாயகி கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவளுடைய மரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, மல்லாட்டைக் கொல்லையைக் கடந்து, கோட்டைத் தாண்டி, விருத்தாம்பாளின் முதல் வரிசையைத் தொடும். தொடுகிறபோது அவளுக்கு நெஞ்சில் இன்னும் சுருக்கென்றுதான் இருக்கும். அந்த நேரத்தில் வெயில் எப்படியும் தணிந்துபோய்விடுகிறது, அந்த நிழலால் விருத்தாம்பாளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, எழுந்து வீட்டுக்குப் போவாள்.